நோய் வந்த வழி, தண்ணீர் வராத வழி

(பெருந்தொற்றும் பழங்குடி மக்களும் என்ற பொருளில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1918 நவம்பர் 7 அன்று, ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட ‘தலூனே’ என்ற நீராவிக் கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் வந்து நின்றது. கப்பலில் இன்ஃபுளூயன்சா காய்ச்சலோடு ஆட்கள் படுத்திருந்தார்கள். வழியில் ஃபிஜியின் சுவா துறைமுகத்தில் இதே கப்பலைத் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். ஆப்பியாவில் அந்தத் தடை இல்லை. பயணிகள் இறங்கி அவரவர் ஊருக்குப் போனார்கள். அடுத்த சில வாரங்களில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். அன்று அந்தத் தீவுகளில் வாழ்ந்தவர்களே ஏறத்தாழ 38,000 பேர்தான். ஐந்தில் ஒருவருக்கும் மேல் போய்விட்டார்கள்.

அங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கிழக்கே இருப்பது அமெரிக்கச் சமோவா. அங்கும் அதே மக்கள், அதே மொழி. கொடுக்கல் வாங்கல், கல்யாணம் காட்சி என்று இரு பக்கமும் உறவு. அந்தத் தீவின் ஆளுநராக இருந்த ஜான் போயர் என்ற கடற்படை அதிகாரி நோய்ச் செய்தி கிடைத்ததும் துறைமுகத்தை மூடினார். வரும் கப்பல்களைக் கடலிலேயே நிறுத்தினார். ஆப்பியாவிலிருந்து வந்த தபால் படகைக்கூடக் கரை சேர விடவில்லை. கரையோரக் கிராமத்தார் முறைவைத்துக் காவல் காத்தார்கள். அந்தப் பெருந்தொற்றில் அமெரிக்கச் சமோவாவில் ஒருவர்கூட இறக்கவில்லை.

மேற்குச் சமோவாவை ஆண்டது நியூசிலாந்து ராணுவம். நிர்வாகி ராபர்ட் லோகன். மருத்துவ உதவி அனுப்பத் தயார் என்று பக்கத்துத் தீவிலிருந்து போயர் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. தபால் படகைத் தடுத்த கோபத்தில் வானொலித் தொடர்பையே துண்டித்தார். மறு ஆண்டு அமைக்கப்பட்ட விசாரணைக் குழு நிர்வாகத்தின் அலட்சியத்தைப் பதிவு செய்தது. நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2002-இல்.

இந்த இரண்டு தீவுகளின் கதையை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பழங்குடி மக்கள் கொள்ளைநோயில் கொத்துக் கொத்தாக இறந்த வரலாற்றுக்கு ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. வெளியுலக நோய்களை அறியாத உடம்பு அவர்களுடையது, எதிர்ப்புச் சக்தி கிடையாது, எனவே மடிந்தார்கள் என்பது அந்த விளக்கம். கேட்பவர் மனத்துக்கு இது ஒருவகை ஆறுதலைத் தந்துவிடுகிறது. பிழை எவருடையதும் இல்லை, இயற்கை செய்த வேலை என்று கணக்கை முடித்துவிடலாம். மருத்துவ வரலாற்றாய்வாளர் டேவிட் ஜோன்ஸ் 2003-இல் எழுதிய கட்டுரை இந்த விளக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. புதிய கிருமிக்கு எதிர்ப்பாற்றல் இல்லை என்பது உண்மைதான். புதிய கிருமிக்கு எதிரே எந்த மனிதருக்கும் அது இருப்பதில்லை. ஆனால் பசி, இடப்பெயர்ச்சி, நில இழப்பு, கவனிக்க ஆளில்லாமை ஆகியவை சேரும்போதுதான் ஒரு நோய் ஒரு சமூகத்தையே அழிக்கிறது. சமோவாவின் இரு பகுதிகளிலும் ஓடியது ஒரே ரத்தம். கணக்கை மாற்றியது துறைமுகத்தில் எடுத்த முடிவு.

அதே 1918 நவம்பரில் அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற இனுயிட் ஊரில் 80 பேரில் 72 பேர் ஐந்தே நாட்களில் இறந்தார்கள். கனடாவின் லாப்ரடார் கரையில் ஓக்காக் என்ற இனுயிட் ஊருக்கு மிஷன் கப்பலோடு காய்ச்சல் வந்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரே பிறகு கைவிடப்பட்டது. இத்தகைய சாவுகளில் கிருமியின் பங்கைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது, வீட்டில் பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான். அடுப்பு மூட்ட ஆளில்லை. உறைபனியில் விறகு வெட்டவோ தண்ணீர் மொண்டு வரவோ ஆளில்லை. காய்ச்சலிலிருந்து பிழைத்திருக்கக்கூடியவர்கள் குளிரிலும் பசியிலும் போனார்கள். சமோவாவிலும் இதுவே நடந்தது. நோயாளிக்கு ஒரு வாய்க் கஞ்சியும் தண்ணீரும் கொடுக்க நான்கு பேர் எழுந்து நடமாடியிருந்தாலே பலர் பிழைத்திருப்பார்கள்.

இத்தனையும் நூறாண்டுக்கு முந்தைய கதை என்று ஒதுக்க முடியாதபடி 2020 வந்தது.

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடப்பது நவஹோ நேஷன். பரப்பு ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அந்த நிலத்தில் வாழ்வோர் சுமார் 1,70,000 பேர். தங்களை அவர்கள் ‘தினே’ என்று சொல்லிக்கொள்வார்கள். இவ்வளவு பெரிய நிலத்தில் மளிகையும் காய்கறியும் விற்கும் முழுமையான கடைகள் 13 மட்டுமே. வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரமும் இல்லை. பிக்கப் லாரியில் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பல கிலோமீட்டர் போய்த் தண்ணீர் பிடித்து வருவது அங்கே வாராவாரம் நடக்கும் வீட்டு வேலை.

2020 மார்ச் 17 அன்று அங்கே முதல் கொரோனா நோயாளி உறுதி செய்யப்பட்டார். அந்த மாதத் தொடக்கத்தில் சில்சின்பீட்டோ என்ற சிற்றூரில் ஒரு தேவாலயக் கூட்டம் நடந்திருந்தது. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போனபோது நோயும் கூடவே போனது. கையை இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பீப்பாய்த் தண்ணீரில் குடிக்க, சமைக்க, ஆட்டுக்கு வைக்க என்று அளந்து செலவழிக்கும் வீட்டில் அந்த அறிவுரையை எங்கே வைப்பது? வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். தண்ணீருக்கும் விறகுக்கும் சாமானுக்கும் வெளியே போகாமல் முடியாது. நோய் வந்தவர் தனி அறையில் இருக்கட்டும் என்றார்கள். பாட்டி, மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள், பல வீடுகளுக்கு இருப்பதே ஓர் அறை. மே மாத நடுவில் நவஹோ நேஷனின் தொற்று விகிதம் லட்சத்துக்கு 2,300-ஐத் தாண்டியது. நியூயார்க் மாநிலத்தில் அது 1,800 அளவில் இருந்தது. போரும் பஞ்சமும் நடக்கும் நாடுகளுக்கு மருத்துவர்களை அனுப்பும் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, உலகின் பெரும் பணக்கார நாட்டுக்குள் நவஹோ மக்களிடம் ஒரு குழுவை அனுப்பியது.

தண்ணீர் ஏன் இல்லை? அது பாலைநிலம், அப்படித்தான் இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் நவஹோ நிலத்தின் விளிம்பை ஒட்டி ஓடுகிறது கொலராடோ ஆறு. நவஹோ நிலத்தில் வெட்டிய நிலக்கரியை நவஹோ நிலத்திலேயே எரித்து ஓர் அனல்மின் நிலையம் பல பத்தாண்டுகள் ஓடியது. அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி, கொலராடோ ஆற்று நீரை மேடேற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஃபீனிக்ஸ், டூசான் நகரங்களுக்கு அனுப்பப் பயன்பட்டது. அந்த நகரங்களில் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ந்தது. நிலக்கரி தந்த ஊரில் பீப்பாய்கள் உருண்டன. அந்த நிலையம் 2019 நவம்பரில் மூடப்பட்டது. நான்கு மாதத்தில் கொரோனா வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. 1944 முதல் 1986 வரை நவஹோ நிலத்திலிருந்து சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது தோண்டி எடுக்கப்பட்டது. அணுகுண்டுக்காகத் தொடங்கிய வேலை. கைவிடப்பட்ட சுரங்கங்கள் 500-க்கும் மேல். சில இடங்களில் கிணற்று நீரில் யுரேனியமும் ஆர்சனிக்கும் கலந்திருக்கின்றன. சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு நுரையீரல் நோய் வந்தது. கொரோனா தேடி வந்ததும் நுரையீரலைத்தான்.

1868-இல் அமெரிக்க அரசு நவஹோ மக்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கு முன்பு அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து விரட்டி, நூற்றுக்கணக்கான மைல் நடக்க வைத்து, போஸ்கே ரெடோண்டோ முகாமில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது. ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலம் திரும்பியது. நிலத்தோடு நீருரிமையும் உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் வேறொரு பழங்குடி வழக்கில் ஏற்றது. ஆனால் அந்த நீரைப் பெற்றுத்தர அரசு முனைந்து நடவடிக்கை எடுக்க வேண்டுமா என்ற வழக்கில் 2023 ஜூனில் அதே நீதிமன்றம், ஒப்பந்தப்படி அப்படி ஒரு கடமை இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெருந்தொற்றில் ஆயிரக்கணக்கானோரைப் புதைத்த பிறகு வந்த தீர்ப்பு இது. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் இது அநீதி.

பணத்தின் கதையும் வேறல்ல. பழங்குடி மக்களின் மருத்துவத்துக்கென அமெரிக்க அரசு நடத்தும் துறை ஒருவருக்குச் செலவிடும் தொகை, அந்நாட்டின் சராசரி மருத்துவச் செலவில் பாதியைக்கூட எட்டுவதில்லை. 2020 மார்ச்சில் நிவாரணச் சட்டம் வந்தபோது பழங்குடி அரசுகளுக்கு 800 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஏப்ரல் 26-க்குள் போய்ச் சேர வேண்டிய பணம். முதல் தவணை வெளியே வரத் தொடங்கியது மே 5 அன்று. நோய் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நவஹோ மக்களே. நவஹோ நேஷனின் முன்னாள் தலைமை வழக்கறிஞர் ஈத்தல் பிராஞ்ச் தொடங்கிய நிவாரண நிதி, முதியோர் வீட்டு வாசலில் தண்ணீரும் மளிகையும் கொண்டுபோய் வைத்தது. அந்த நிதிக்கு அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். 1847-இல் அயர்லாந்து பஞ்சத்தில் சாகக் கிடந்தபோது, தாங்களே சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டிருந்த சாக்டா பழங்குடியினர் 170 டாலர் திரட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த நன்றி 173 ஆண்டு கழித்து வேறொரு பழங்குடிக்குத் திரும்பி வந்தது. நெஞ்சை நிறைக்கும் செய்திதான். என்றாலும், ஓர் அரசு செய்ய வேண்டிய வேலையைக் கடல் கடந்த சாதாரண மக்களின் நன்றியுணர்வு செய்ய நேர்ந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்த அலட்சியத்துக்கு ஒரு பொருள் வடிவம் உண்டென்றால் அது பிண உறைதான். 2009-இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது கனடாவின் மானிடோபா மாகாணத்துப் பழங்குடி ஊர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. கை சுத்திகரிப்பான் கேட்டார்கள். அதில் ஆல்கஹால் இருக்கிறது, குடித்துவிடுவார்களோ என்ற விவாதத்தில் அனுப்புவது தாமதமானது. செப்டம்பரில் வாசகாமாக் முதலிய ஊர்களுக்கு மத்தியச் சுகாதாரத் துறையிடமிருந்து பெட்டிகள் வந்தன. மருந்துப் பொருட்களோடு உள்ளே இருந்தவை பிண உறைகள். நாடே கொதித்தது, விசாரணை நடந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 2020-இல், அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பழங்குடி மருத்துவ மையம் கொரோனா பரிசோதனைப் பொருட்கள் கேட்டுக் காத்திருந்தது. வந்து இறங்கிய பெட்டியில் பிண உறைகள் இருந்தன. தவறுதலாக நேர்ந்தது என்றே இரண்டு முறையும் விளக்கம் சொல்லப்பட்டது. இருக்கலாம். ஆனால் தவறு ஏன் ஒரே மக்களின் வாசலில் போய் விழுகிறது?

பிரேசிலில் நடந்தது தவறுதலாக அல்ல. அந்நாட்டில் பழங்குடி மக்களிடையே உறுதியான முதல் கொரோனா தொற்று, அமேசான் ஆற்றின் மேற்பகுதியில் கோகாமா இனத்தைச் சேர்ந்த இருபது வயதுச் சுகாதாரப் பணியாளருக்கு வந்தது. விடுமுறை முடித்துப் பணிக்குத் திரும்பிய அரசு மருத்துவர் ஒருவருக்குத் தொற்று இருந்தது. அவரோடு இந்தப் பெண் வேலை செய்திருந்தார். 2020 ஏப்ரல் 9 அன்று யானோமாமி இனத்துப் பதினைந்து வயதுச் சிறுவன் இறந்தான். யானோமாமி காட்டுக்குள் அப்போது ஏறத்தாழ 20,000 பேர் சட்டவிரோதமாகத் தங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஊரடங்கில் உலகமே முடங்கியிருந்தபோதும் அவர்கள் போக்குவரத்து நிற்கவில்லை. ஜூனில் பழங்குடி மக்களைக் காக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குடிநீர், சோப்பு முதலிய சுகாதாரப் பொருட்கள், மருத்துவமனைப் படுக்கைகள் ஆகியவற்றை அரசு தர வேண்டும் என்ற பிரிவுகளை ஜூலையில் அதிபர் பொல்சனாரோ ரத்து செய்தார். குடிநீர் தர வேண்டும் என்ற வரியைத் தேடி அடித்தார் என்பதை இரண்டாம் முறை படித்தாலும் நம்பக் கடினமாக இருக்கிறது. அதே மாதம், பழங்குடி அமைப்புகள் தொடுத்த வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பரோசோ, பாதுகாப்புத் திட்டம் வகுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டார். 2021 பிப்ரவரியில் ஜூமா இனத்தின் கடைசி ஆண் மகனான அருகா கொரோனாவில் இறந்தார். அவருக்குப் பின் எஞ்சியவர்கள் அவருடைய பெண் மக்களும் பேரப்பிள்ளைகளும்.

முதியவர் இறந்தால் எல்லாச் சமூகத்துக்கும் இழப்புத்தான். எழுத்தைவிடப் பேச்சில் வாழும் மொழிக்கு அந்த இழப்பு வேறு அளவுடையது. எந்த மூலிகை எங்கே, எந்தச் சடங்குக்கு எந்தப் பாட்டு, எந்த ஆற்று வளைவுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கும். இதை நன்கு உணர்ந்தவர்கள் செரோக்கி மக்கள். 2020 டிசம்பரில் தடுப்பூசி கைக்கு வந்தபோது, மருத்துவப் பணியாளர்களோடு சேர்த்துச் செரோக்கி மொழியைச் சரளமாகப் பேசுவோரையும் முதல் வரிசையில் நிறுத்தினார்கள். அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தான். வெளியிலிருந்து வரும் எந்தச் சுகாதாரத் திட்டமும் இப்படி ஒரு வரிசையைப் போட்டிருக்காது. தங்கள் தடுப்பூசியை யாருக்கு முதலில் போடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்ததால்தான் அது நடந்தது.

அந்த உரிமை கையில் இருந்த இடங்களில் நோயின் போக்கே மாறியிருக்கிறது. தெற்கு டகோட்டாவில் செயென் ரிவர் சூ மக்கள் தங்கள் நிலத்துக்குள் நுழையும் சாலைகளில் சோதனைச் சாவடி போட்டார்கள். 48 மணி நேரத்தில் எடுங்கள் என்று மாநில ஆளுநர் கிறிஸ்டி நோயம் எச்சரித்தார். தலைவர் ஹெரால்ட் ஃபிரேசியர் மறுத்துவிட்டார். அங்கே மருத்துவமனைப் படுக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாலையை அடைப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு மருந்து இல்லை. நியூசிலாந்தின் வடக்கு முனையில் மவோரி மக்களும் இதையே செய்தார்கள். 1918-இல் மவோரி இறப்பு விகிதம் அங்கிருந்த ஐரோப்பியரைவிடப் பல மடங்கு இருந்ததை அவர்கள் குடும்பங்கள் மறக்கவில்லை. பிரேசிலின் ஷிங்கு பகுதியில் குய்குரோ மக்கள் அரசை எதிர்பார்க்காமல் நிதி திரட்டி, மருத்துவர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஊருக்குள்ளேயே தனிமைப்படுத்தும் வீடு அமைத்தார்கள். பலருக்குத் தொற்று வந்தது, அவர்களின் முதன்மை ஊரில் சாவு விழவில்லை.

நவஹோ மக்களும் முகக்கவசத்தை அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கு முன்பே கட்டாயமாக்கினார்கள். வார இறுதிகளில் 57 மணி நேர ஊரடங்கு போட்டார்கள். தடுப்பூசி வந்தபோது தினே மொழியிலேயே வானொலியில் பேசினார்கள், வீடு வீடாகப் போனார்கள். 2021 வசந்தத்தில் அவர்களின் தடுப்பூசி விகிதம் அமெரிக்கச் சராசரியை முந்தியது. பழங்குடி மக்கள் நவீன மருத்துவத்தை நம்புவதில்லை என்ற பழங்கதைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. ஆனாலும் அதற்குள் நடந்த சேதத்தை மீட்க முடியாது. அமெரிக்கப் பழங்குடி மக்களின் சராசரி ஆயுள் 2019-இல் 71.8 ஆண்டு. 2021-இல் அது 65.2. இரண்டே ஆண்டில் ஆறரை ஆண்டுக்கு மேல் சரிந்தது. 65 என்பது 1944-இல் அந்த நாட்டின் மொத்த மக்களுக்கு இருந்த ஆயுள்.

இந்தியாவுக்கு வருவோம். அந்தமானில் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிய 1858 வாக்கில் கிரேட் அந்தமானியர் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877-இல் தட்டம்மை. அதற்கு முன்னும் பின்னும் பால்வினை நோய்கள். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். பிறகு மெல்லப் பெருகி ஐம்பது சொச்சமாக இருந்தவர்களில் பத்துப் பேருக்கு 2020 ஆகஸ்டில் கொரோனா உறுதியானது. நல்லவேளையாக அனைவரும் மீண்டார்கள். ஐம்பது பேர் கொண்ட ஓர் இனத்தில் பத்துப் பேர் என்பதன் எடையை விழுக்காட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனங்கள் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று பட்டியலிடப்பட்டிருக்கின்றன. இவர்களின் நோய்ச்சுமை கொரோனாவில் தொடங்கியதல்ல. அரிவாள் செல் ரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952-இல், நீலகிரிப் பகுதிப் பழங்குடிகளிடம். கூடலூரில் ஆதிவாசி மக்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்து ‘அஸ்வினி’ அமைப்பு நடத்தும் மருத்துவமனை முப்பது ஆண்டுக்கு மேலாக இந்த நோயோடும் மல்லுக்கட்டுகிறது. தன் மொழியில் பேசும் செவிலி இருக்கும் மருத்துவமனைக்குக் கர்ப்பிணி தயங்காமல் வருவாள், முதியவர் தடுப்பூசிக்குக் கை நீட்டுவார். 2021 ஜூன் இறுதியில், தகுதியுள்ள பழங்குடி மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி போட்டுவிட்டதாக நீலகிரி மாவட்ட நிர்வாகம் அறிவிக்க முடிந்ததன் பின்னால் அரசு ஊழியர்களின் உழைப்போடு இப்படிப்பட்ட நீண்ட கால நம்பிக்கையும் இருக்கிறது.

ஆனால் கொரோனாவில் இந்தியப் பழங்குடிகள் எத்தனை பேர் இறந்தார்கள், எந்த இனத்தில் எத்தனை பேர் என்ற நாடு தழுவிய கணக்கு மக்கள் பார்வைக்கு வரவில்லை. நவஹோ மக்கள் தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே நாள்தோறும் வெளியிட்டார்கள். அந்த எண்கள் இருந்ததால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது, பணம் வந்தது, வழக்கு நடந்தது. எண்ணாத சாவுக்குப் பதில் சொல்ல எந்த அதிகாரியும் கடமைப்பட்டவரல்லர்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அதற்கு முன் செய்ய வேண்டியவை தெரியும். நீலகிரியிலோ கொல்லிமலையிலோ சத்தியமங்கலத்திலோ கல்வராயனிலோ வாழ்கிறவர்கள், அங்கே ஆசிரியராக, செவிலியராக, வன ஊழியராக வேலை செய்கிறவர்கள் இதைப் படித்தால், வரும் கிராம சபைக் கூட்டத்தில் மூன்று கணக்குகளைக் கேட்டு வாங்கித் தீர்மானத்தில் பதிய வையுங்கள். ஊரின் பழங்குடிக் குடியிருப்புகளில் எத்தனை வீட்டுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, ஆண்டு முழுவதும் வருகிறதா? நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவரை ஆக்சிஜன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்க எவ்வளவு நேரம் ஆகிறது? சென்ற ஆண்டு அந்தக் குடியிருப்பில் இறந்தவர்கள் எத்தனை பேர், எதனால்? அந்தத் தாளின் ஒரு நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பி, மற்றொன்றை அந்தக் குடியிருப்பு மக்களின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.